தாடி என்கிற கிடாவும் தோராவின் சட்டமும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை, வக்கீல் அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொண்டது. நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் மாமியார் சௌக்கியம். நான் சௌக்கியமில்லை. காரணம் கீழே வருகிறது.

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தையார் வளர்க்கும் தாடி என்கிற ஆட்டுக்கிடா, அவர் வீட்டு வாசலில் விழுந்த என் மூக்குக் கண்ணாடியை எடுக்க நான் குனிந்தபோது, பின்னாலிருந்து வந்து முட்டியது. நான் குப்புற விழுந்தேன். கால்சட்டை கிழிந்தது. இதுவரைக்கும் பிராணியின் குற்றம். அதன் பிறகு உங்கள் தந்தையார் உள்ளேயிருந்து ஓடி வந்தார். வந்தவர் என்னைத் தாண்டிப் போய், கிடாவின் நெற்றியைத் தடவிக்கொடுத்து, "அடி பட்டுச்சா?" என்று கேட்டார். கிடாவைக் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். இது மனிதனின் குற்றம். பெண் கொடுத்த சம்பந்தி மண்ணில் கிடக்கிறான், பிள்ளை பெற்ற சம்பந்தி கிடாவுக்கு நலம் விசாரிக்கிறார் என்றால் அதைத் தட்டிக் கேட்க ஒரு சட்டம் இருக்க வேண்டுமா, இல்லையா?

அன்றைக்கே எழுந்து நின்று, மண்ணைத் தட்டிக்கொண்டு, "இனி இந்த வாசலில் கால் வைக்க மாட்டேன்" என்று சொன்னேன். அவரும் விடவில்லை. "நானும் உங்க வாசல்ல கால் வைக்க மாட்டேன், சம்பந்தி" என்றார். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. நடுவில் ஒரு கைவண்டி போகும் அகலம். இரண்டு வாசலிலும் சபதம். என் மனைவியும் உங்கள் தாயாரும் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலச் சேர்ந்து கடைக்குப் போகிறார்கள். கேட்டால், "எங்களை எந்த ஆடும் முட்டலையே" என்கிறாள் உங்கள் மாமியார்.

உடனே உங்களுக்குத் தொலைபேசினேன். நினைவிருக்கும். நீங்கள் ஏதோ கட்சிக்காரரோடு இருந்தீர்கள். "மாமா, இதை எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டு போறது? எங்கப்பா மேல நானே வழக்குப் போடணுமா?" என்றீர்கள். நான் விடவில்லை. "முட்டுற மாட்டைப் பத்தி விவரமா எழுதி வச்சிருக்கிறது யூதர்களோட வேதம் தோராவுலதான், மாமா. அதைப் படிச்சுட்டு வாங்க, பேசலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அடுத்த நிமிஷம் என் மகள் கூப்பிட்டாள். "அப்பா, நீங்களும் மாமாவும் ஒரே மேசைல உட்கார்ந்தாதான் நாங்க இனிமே ஞாயித்துக்கிழமை வருவோம். அதுவரைக்கும் பாப்பாவை யாரும் பார்க்க முடியாது" என்றாள். அவளும் வைத்துவிட்டாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போகின்றன என்று நான் எழுதப்போவதில்லை. இது மனு, புலம்பல் இல்லை.

நீங்கள் என்னைத் தட்டிக்கழிக்கத்தான் தோராவைச் சொன்னீர்கள் என்று உங்கள் மாமியார் சொல்கிறாள். இருக்கட்டும். நான் வக்கீலுக்குப் படிக்கவில்லைதான். ஆனால் கோர்ட்டு வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதையே தொழிலாகச் செய்தவன். உள்ளே வாதம் நடக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். சரியான இடம் வரும்போது அடுத்த கட்சியைக் கூப்பிட வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். ஆக, ஒவ்வொரு வழக்கிலும் முதல் பாதி எனக்கு மனப்பாடம். அந்த அறிவை வைத்துக்கொண்டு எங்கள் நூலகத்துக்குப் போய்த் தோராவைக் கேட்டேன். மோசேயின் ஐந்து புத்தகங்களும் ஒரே கட்டில், தலையணை கனத்தில் இருந்தன. ஒரே பிரதி. வீட்டுக்குத் தர மாட்டார்களாம். அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டுமாம்.

முதல் புத்தகம் ஆதியாகமம், பெரும்பாலும் முகவுரை. இவ்வளவு நீளமான முகவுரை எந்தச் சட்டத்துக்கும் நான் கண்டதில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு விசாரணை வருகிறது பாருங்கள், பழம் தின்ற வழக்கு, அதில் எனக்குப் பரம திருப்தி. நீதிபதிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், குற்றம் சாட்டப்பட்டவனைக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார். அவன் மனைவியைக் கைகாட்டுகிறான். அவளையும் கேட்கிறார். அவள் பாம்பைக் கைகாட்டுகிறாள். அங்கேதான் எனக்கு உறுத்தியது. பாம்பை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நேராகத் தீர்ப்பு. பாம்பின் தரப்பு என்ன ஆயிற்று என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "கிடாவோட தரப்பை நீங்க கேட்டீங்களா, சம்பந்தி?"

உங்கள் தந்தையார். இனி இந்தக் கடிதத்தில் அவரை எதிர்க்கட்சிக்காரர் என்றே குறிப்பிடுவேன். நீங்கள் மனம் கோணக் கூடாது. நான் தோரா படிக்கிறேன் என்று உங்கள் மாமியார் உங்கள் தாயாரிடம் சொல்ல, உங்கள் தாயார் அவரிடம் சொல்ல, தற்காப்புக்கு அவரும் படிக்க வந்துவிட்டார். பிரதியோ ஒன்று. நூலகரம்மா, "ஆளுக்கு ஒரு நாள்னு பிரிச்சுக்கோங்க" என்றார். தினமும் வர எனக்கு உரிமை உண்டு என்றேன். எனக்கும் உண்டு என்றார் எதிர்க்கட்சிக்காரர். "அப்போ நடுவுல வச்சு ரெண்டு பேரும் படிங்க. சத்தம் வந்தா புத்தகம் அலமாரிக்குப் போயிடும்" என்று அந்த அம்மாள் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டுக்கு வழியில்லை. ஆக, என்னை அவமானப்படுத்தியவரின் முழங்கை தினமும் என் முழங்கையில் இடிக்கிறது. அவர் மெதுவாகப் படிப்பவர். தையல்காரர் புத்தி, ஒவ்வொரு வரியையும் தையல் பிரித்துப் பார்க்கிறார். நான் பக்கத்தின் கடைசி வரியில் வந்து நின்றுகொண்டு அவருக்காகக் காத்திருக்கிறேன். இந்த மனவேதனையையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

இப்போது பிரதான பிரிவுக்கு வருகிறேன். இரண்டாம் புத்தகமான யாத்திராகமம், இருபத்தொன்றாம் அதிகாரம். முட்டுகிற மாடு. நீங்கள் சொன்னது சரிதான். எப்பேர்ப்பட்ட கையால் எழுதப்பட்ட சட்டம். மாடு முதல் தடவை முட்டினால் மாட்டின்மேல்தான் குற்றம், சொந்தக்காரன் தப்பினான். முன்பே முட்டிப் பழகிய மாடு, சொந்தக்காரனுக்கு எச்சரிக்கையும் செய்தாயிற்று, அப்படியும் அவன் கட்டிவைக்கவில்லை என்றால் பொறுப்பு அவன் தலையில். படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரர் அந்த வரியை ஊசிக்கு நூல் கோப்பதுபோல் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது மாடு. என்னோடது ஆடு" என்றார். கொம்பு இருக்கிறதா இல்லையா என்றேன். "சரி, இருக்கு. ஆனா இந்தப் பிரிவுல முட்டுப்பட்டவன் செத்துப்போறான். நீங்க சாகலையே, சம்பந்தி. நல்லா ரெண்டு தட்டு சாப்பிடுறீங்களே" என்றார். அதற்கு முன்னே வேறொரு பிரிவு இருக்கிறது: அடிபட்டவன் எழுந்து கோலூன்றி நடமாடினால், அடித்தவன் வைத்தியச் செலவும் வேலை கெட்டதற்கு ஈடும் கொடுத்தால் போதும். அதைக் காட்டினேன். "ஓய்வுல இருக்கிறவருக்கு என்ன வேலை கெட்டுச்சு?" என்கிறார். மாப்பிள்ளை, இந்த மனிதரை அப்பா என்று நீங்கள் எப்படி இத்தனை காலம் கூப்பிட்டீர்கள்?

அடுத்து, தாடி முன்பே முட்டிப் பழகியது என்று நிரூபிக்கச் சாட்சி வேண்டும். ஒரு சாட்சி போதாது, இரண்டு பேராவது வேண்டும் என்று கடைசிப் புத்தகமான உபாகமத்தில் கண்டிப்பாக இருக்கிறது. தபால்காரரைப் பிடித்தேன். "தாடி உங்களை முட்டியிருக்குமே" என்றேன். "இல்லைங்க ஐயா, நான்தான் ஒரு நாள் அது காலை மிதிச்சுட்டேன். அதுவும் பெருந்தன்மையா விட்டுடுச்சு" என்றார். மிச்சம் ஒரே சாட்சி உங்கள் மாமியார். சம்பவத்தன்று எங்கள் சன்னலில் நின்று பார்த்தவள். அவளை அன்போடு விசாரித்தேன். "பார்த்தேனே. கண்ணாடி விழறதுக்கு முன்னாடி நீங்க அதைப் பார்த்து நாக்கை நீட்டினீங்க" என்றாள். எதிர்ச்சாட்சியாக மாறிய சாட்சி என்று எழுதி விடுவித்துவிட்டேன்.

அதோடு விட்டாளா என்றால் இல்லை. சபதம் பற்றி எண்ணாகமத்தில் வருகிறது. ஆண் ஒரு சபதம் செய்தால் அவன் சொன்னபடி நிறைவேற்றியே தீர வேண்டும். மனைவி சபதம் செய்தாலோ, கணவன் அதைக் கேள்விப்பட்ட நாளிலேயே செல்லாது என்று சொல்லிவிடலாம். என் சபதம் எவ்வளவு கெட்டியானது என்பதற்காக இதை அவளிடம் சொன்னேன். "நான் சபதம் பண்ணினா உங்ககிட்ட சொன்னாத்தானே?" என்றாள். அந்த ஓட்டையை அடைக்க இன்னும் ஒரு பிரிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நரைத்த தலைக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும் என்று லேவியராகமத்தில் ஒரு கட்டளை. இது எனக்காகவே எழுதியது. மறுநாள் நூலகத்துக்குள் நுழைந்ததும், எதிர்க்கட்சிக்காரர் முன்னால் போய்த் தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் எழுந்தார், மறுக்கவில்லை. எழுந்தவர், "இப்போ நீங்களும் உட்காரக் கூடாது. நானும் வயசானவன்" என்றார். உங்களுக்குத்தான் முடியே இல்லையே, சம்பந்தி, நரை எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அடுத்த வரியில் விரலை வைத்தார். முதியவரின் முகத்தைக் கனப்படுத்து என்று இருக்கிறது. முகம். அவருக்கு முகம் இருப்பதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆக இருவரும் நின்றோம். யார் முதலில் உட்கார்ந்தாலும் கட்டளை மீறல். நூலகரம்மா வந்து, "ஒண்ணு ரெண்டு பேரும் உட்காருங்க, இல்லாட்டி ரெண்டு பேரும் வெளிய போய் நில்லுங்க" என்றார். அவரே கைதட்ட, ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். தினமும் இப்படித்தான் உட்காருகிறோம்.

கிழிந்த கால்சட்டையைச் சாட்சிப் பொருளாகத் துணிப்பையில் போட்டு ஒரு நாள் எடுத்துப் போனேன். எதிர்க்கட்சிக்காரர் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். கம்பளியும் சணல்நூலும் கலந்து நெய்த துணியை உடுத்தக் கூடாது என்று உபாகமத்தில் இருக்கிறதல்லவா, அதை வாயாலேயே சொல்லிக் காட்டினார். "இது கலப்புத் துணி, சம்பந்தி. தைச்சவனுக்குத் தெரியாதா? தாடி கிழிக்கலை. சட்டத்தை அமல்படுத்தியிருக்கு." அந்தக் கால்சட்டையைத் தைத்ததே அவர்தான் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

இனி மிக முக்கியமான சம்பவம். போன வாரம் ஒரு காலை. எதிரியின் மாடோ கழுதையோ வழி தப்பி அலைந்தால் அதைக் கண்டவன் கட்டாயம் அவனிடமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்கிற பிரிவை முந்தின நாள்தான் படித்திருந்தோம். எழுந்து பார்த்தால் என் தோட்டத்தில் தாடி நிற்கிறது. என் செடியைத் தின்கிறது. விரட்டிவிட்டிருக்கலாம். ஆனால் நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். ஒரு கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். தெருவில் பாதி தூரம் நான் இழுத்தேன், மீதிப் பாதி அது இழுத்தது. எதிர்க்கட்சிக்காரர் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள கொண்டு வந்து கட்டுங்க, சம்பந்தி" என்றார்.

"வர மாட்டேன். சபதம் இருக்கு. நீங்க வந்து வாங்கிக்கோங்க."

"சேர்க்கிறது உங்க கடமை. வந்து வாங்கிக்கணும்னு எனக்கு எங்கயும் எழுதலை."

இந்த வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே தாடி கயிற்றைச் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் போய்விட்டது. மறுபடியும் அதே இடத்தில் முட்டியது. நான் வாசலைத் தாண்டி உள்ளே போய் விழுந்தேன். இதனால் என் சபதம் முறியவில்லை. உள்ளே பட்டவை கைகளும் முழங்கால்களும்தான். பாதங்கள் இரண்டும் தெருவிலேயே இருந்தன. வலியிலும் எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டாம் முட்டு. முட்டிப் பழகிய கிடா என்பது எதிர்க்கட்சிக்காரரின் கண்ணெதிரிலேயே நிரூபணம். படுத்தபடியே அதைச் சொன்னேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொல்கிறார்: "முட்டினப்போ கயிறு யார் கையில இருந்துச்சு? பார்த்துக்கச் சொல்லி ஒருத்தன் கையில இருக்கிற பிராணிக்கு அவன்தான் பதில் சொல்லணும். உங்க பொறுப்புல இருந்த கிடா உங்களை முட்டினா, நீங்க உங்க மேலதான் வழக்குப் போடணும்."

சொல்லிவிட்டு வந்து, என் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். இந்தத் தடவை, "அடி பட்டுச்சா?" என்று என்னைத்தான் கேட்டார். நானும் கொஞ்சம் இளகிப்போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாக்கியத்தில் கெடுத்தார். "எதிரியோட கழுதை சுமையோட விழுந்து கிடந்தா கூடச் சேர்ந்து தூக்கிவிடணும்னு அடுத்த வரியிலேயே இருக்கே, சம்பந்தி. அதான்." என்னைக் கழுதை என்றது இரண்டாம் வழக்கு. தனியாகப் பதிவு செய்யவும்.

நீங்கள் தகப்பனுக்கு எதிராக எப்படி ஆஜராவது என்று தயங்குவீர்கள். தகப்பனைக் கனம்பண்ணு என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று என்று எதிர்க்கட்சிக்காரர் அடிக்கடி என் காதில் படும்படி முணுமுணுக்கிறார். யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தைப் படியுங்கள். மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தனியாக உட்கார்ந்து வழக்குக் கேட்கிறார். ஊரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நீ செய்வது சரியில்லை, சின்ன வழக்குக்கெல்லாம் கீழ்க்கோர்ட்டு வை என்று யோசனை சொல்கிறார். மோசே மறுபேச்சில்லாமல் அப்படியே செய்கிறார். வந்தவர் யார்? மாமனார். உலகத்தில் கோர்ட்டை ஒழுங்குபடுத்தியவரே ஒரு மாமனார்தான் என்பது உங்கள் கல்லூரியில் சொல்லித்தந்தார்களா? தகப்பன் கட்டளை இருபதாம் அதிகாரத்தில்தான் வருகிறது. மாமனார் இரண்டு அதிகாரம் சீனியர். பின்னால் வந்த சட்டம் முன்னால் வந்ததை வெல்லும் என்று எதிர்க்கட்சிக்காரர் சொல்கிறார். நூலகரம்மா அலமாரியைப் பார்த்ததால் அதற்கு நான் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. என்மேல் ஓர் எதிர்வழக்கு இருக்கிறதாம். பத்துக் கட்டளைகளில் கடைசி: பிறருடைய வீடு, மாடு, கழுதை, அவருக்குச் சொந்தமான எதன்மீதும் ஆசைப்படாதே. அதில் கிடாவும் அடக்கமாம். "பாப்பா வந்ததும் வண்டியை விட்டு இறங்கி நேரா தாடிகிட்டதான் ஓடுறா. அப்புறம் எங்ககிட்ட. அப்புறம்தான் உங்ககிட்ட. அந்தப் பொறாமைதான் இந்த வழக்கு மொத்தமும்" என்கிறார். மனசுக்குள் இருப்பதை எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பது? குற்றச்சாட்டை முழுமையாக மறுக்கிறேன். அவள் தாடியிடம் முதலில் ஓடுவது எனக்கு ஒரு பொருட்டே அல்ல. ஒரு நாளும் நான் அதைக் கவனித்ததுகூட இல்லை. அவள் வழக்கமாகச் சிவப்புச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் ஓடுவாள்.

ஆகவே என் கோரிக்கைகள். எதிர்க்கட்சிக்காரர் கிடாவிடம் கேட்ட நலத்தை என்னிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். சிரித்ததைத் திரும்பப் பெற வேண்டும். கழுதையை நீக்க வேண்டும். தாடி வாசலில் கட்டப்பட வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் அவரோடு ஒரு மேசையில் உட்கார மாட்டேன். இது என் கடைசி வார்த்தை. இதை அப்படியே என் மகளிடம் படித்துக் காட்டவும்.

கட்சி எதுவானாலும் உங்கள் வாதம் வெல்லட்டும், தொண்டை கட்டாமல் இருக்கட்டும். மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். இருமலுக்கு வெந்நீர் குடிக்கவும்.

இப்படிக்கு,
முட்டுப்பட்ட உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே "கலப்புத் துணி" என்பதற்குப் பிறகு மையின் நிறம் மாறியிருக்கும். என் பேனா தீர்ந்துபோய், எதிர்க்கட்சிக்காரரின் பேனாவில் எழுதினேன். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டார். மாமனார் விஷயம் பலமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். சாட்சிப் பொருளைப் பையிலிருந்து எடுத்து நூலகரம்மாவுக்குத் தெரியாமல் மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை. இன்று லேவியராகமத்தில், பிறனைக் கண்டிக்கலாம் என்ற வரியை நான் அவருக்கு அழுத்திப் படித்தேன். அடுத்த வரியை அவர் படித்தார். வன்மம் வைக்காதே என்று இருக்கிறது. அப்புறம் அவர்தான் கண்டுபிடித்தார். தையல் பிரித்துப் பார்க்கும் புத்தி ஒரு நாள் உதவத்தான் செய்கிறது. என் மகள் வைத்த நிபந்தனை என்ன? நாங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். சமாதானம் ஆக வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் முதல் நாளிலிருந்து ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நூலகரம்மா சாட்சி, தபால்காரர் இரண்டாம் சாட்சி. இப்போதுதான் நாளிதழ் படிக்க வந்தார். ஆகவே நிபந்தனை நிறைவேறி வெகுநாளாகிறது. வராமல் இருப்பது உங்கள் தரப்பின் மீறல்.

வழக்கை வாபஸ் வாங்கவில்லை. ஒத்திவைக்கிறேன். உபாகமத்தை ஒழுங்காகப் படிக்க இன்னும் பாதி இருக்கிறது, அவசரப்பட்டுத் தீர்த்துவைக்க வேண்டாம் என்பது இரு தரப்பின் வேண்டுகோள்.

சபதங்கள் நடப்பில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இரண்டு வீட்டிலும் இல்லை, நடுத்தெருவில். செய்ய வேண்டியவை: தையல் மேசையை வெளியே தூக்கி வருவது எதிர்க்கட்சிக்காரர், வாசலைத் தாண்டும் முனையைத் தெருவில் நின்றபடி நான் பிடிக்கிறேன். நாற்காலிகள் நீங்கள். சமையல் இரு வீட்டு அம்மாக்களும் என்று எழுதச் சொன்னார் அவர். போன தடவை அவர்களைக் கேட்காமல் அப்படிச் சொன்னதற்கு இரண்டு வீட்டிலும் அடுப்பே எரியாமல் போனது நினைவுக்கு வந்து, நாங்கள் இருவருமே என்று திருத்திவிட்டோம். கைவண்டி வந்தால் மேசையை நகர்த்தச் சொல்வது தபால்காரர், சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம். எல்லாருடைய பெயரையும் வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிடுவது நான். பேத்தி இறங்கும்போது சிவப்புச் செருப்பு போட்டிருக்கிறாளா என்று பார்ப்பது மகள். தாடியைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வண்டி வந்து நிற்கும் இடத்திலேயே முன்கூட்டியே நிற்க வேண்டியதும் நான்தான், எதிர்க்கட்சிக்காரர் ஆட்சேபிக்கவில்லை.